ஹைபிரிட் காருக்கு மாற்று டயர் வாங்கும் முன் கேட்கப்படும் கேள்விகள்

2022-ஆம் ஆண்டில், பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து இயங்கும் ஹைபிரிட் கார்களாக ஹோண்டா சிட்டியின் ஹைபிரிட் வகையும், டொயோட்டா ஹைரைடரும், மாருதி கிராண்ட் விட்டாராவும் அடுத்தடுத்துச் சந்தைக்கு வந்தன. அந்த ஆண்டின் இறுதியில் இன்னோவா ஹைகிராஸும் அறிமுகமானது. அப்போது வாங்கிய வண்டிகள் பலவற்றில் கம்பெனியிலிருந்து வந்த டயர்கள் இப்போது தேய்ந்து முடியும் கட்டத்தில் இருக்கின்றன. வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து மாதம் நான்கைந்து முறை சென்னைக்கும், எப்போதாவது பெங்களூருக்கும் போய்வரும் என் வண்டி அவற்றில் ஒன்று. டயர் மாற்றும்போது எனக்கு எழுந்த கேள்விகளையும், பிறகு காட்பாடி, குடியாத்தம், ஆரணி நண்பர்கள் என்னிடம் கேட்டவற்றையும் விடைகளோடு இங்கே தருகிறேன்.

ஹைபிரிட் காருக்கென்று தனியாக டயர் இருக்கிறதா?

இல்லை. ஹைபிரிட் கார் ஓடுவதும் மற்ற கார்கள் ஓடும் அதே ரேடியல், ட்யூப்லெஸ் டயர்களில்தான். ஆனால் அந்த வண்டி டயரிடம் எதிர்பார்ப்பது சற்று வேறு. பேட்டரியும் மோட்டாரும் சேர்வதால் அதே வகைப் பெட்ரோல் வண்டியைவிட எடை கூடுகிறது. சிக்னலில் பச்சை விழுந்ததும் மின்மோட்டார் தன் முழு இழுவிசையையும் உடனே கொடுப்பதால், முன் சக்கரங்கள் தரையைப் பற்றி இழுக்க வேண்டியிருக்கிறது. பெடலிலிருந்து காலை எடுத்தாலோ பிரேக்கை மெல்ல மிதித்தாலோ, வண்டி தன் வேகத்தை மின்சாரமாக மாற்றிப் பேட்டரியில் சேர்க்கிறது. அந்த வேலையும் முன் சக்கரங்கள் வழியாகவே நடக்கிறது. இதனால் முன் டயர்கள் பின் டயர்களைவிட விரைவாகத் தேய்கின்றன. என்ஜின் அணைந்திருக்கும் நேரங்களில் வண்டிக்குள் கேட்பது டயரின் இரைச்சல் மட்டுமே என்பதால், சாதாரண காரில் கவனத்துக்கே வராத சத்தம் இதில் காதை உறுத்தும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, லிட்டருக்கு 28 கிலோமீட்டர் வரை சான்றளிக்கப்பட்ட மைலேஜுக்காகக் கூடுதல் பணம் கொடுத்து இந்த வண்டியை வாங்கியிருக்கிறோம். அந்த மைலேஜில் ஒரு பங்கைத் தெரியாமலே இழக்கும் இடம் டயர் கடை.

உருள்தடை என்று சொல்கிறார்களே, அது என்ன?

டயர் உருளும்போது, தரையில் படும் பகுதி தட்டையாக நசுங்கி, மேலே எழும்போது பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் இப்படி மடங்கி நிமிர்கிறது. மடக்கச் செலவான ஆற்றல் முழுவதும் நிமிரும்போது திரும்பக் கிடைப்பதில்லை. ஒரு பகுதி வெப்பமாகி வீணாகிறது. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கி டயரைத் தொட்டால் சுடுகிறதே, அந்தச் சூட்டில் நாம் போட்ட பெட்ரோலும் கலந்திருக்கிறது. இந்த இழப்பைத்தான் ஆங்கிலத்தில் ரோலிங் ரெசிஸ்டன்ஸ் என்கிறார்கள். தமிழில் உருள்தடை எனலாம்.

இதைக் குறைக்க வழி தேடியவர்கள், ரப்பரோடு கலக்கும் கரித்தூளின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சிலிக்காவைச் சேர்த்தார்கள். மிஷலின் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் இத்தகைய டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, மற்ற நிறுவனங்களும் அந்த வழியில் வந்தன. சிலிக்கா சேர்ந்த ரப்பர் உருளும்போது குறைவாகச் சூடாகிறது. ஈரத் தரையில் பிரேக் பிடிக்கும்போது நன்றாகப் பற்றவும் செய்கிறது. ஆகவே மைலேஜ் தரும் டயர் கட்டாயம் வழுக்கும் என்ற பழைய எண்ணம் நல்ல டயர்களுக்கு இன்று பொருந்தாது. விலை குறைந்த டயர்களில் அது இன்றும் பலநேரம் உண்மைதான். ரப்பரைக் கெட்டியாக்கி உருள்தடையைக் குறைப்பது எளிது. பிடிமானத்தையும் ஆயுளையும் விட்டுக்கொடுக்காமல் குறைப்பதுதான் கடினம், அதற்குத்தான் விலை.

நல்ல டயர் போட்டால் மைலேஜ் எவ்வளவு கூடும்?

உருள்தடை பத்து சதவீதம் குறைந்தால் எரிபொருள் செலவு ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை குறையும் என்பது பொறியாளர்கள் ஒப்புக்கொண்ட கணக்கு. சுமாரான டயருக்கும் மிக நல்ல டயருக்கும் உருள்தடையில் இருபது சதவீதத்துக்கு மேலும் வேறுபாடு இருக்கலாம். ஆகவே இரண்டு முதல் நான்கு சதவீதம் வரை எதிர்பார்ப்பது நியாயம். விளம்பரத்தில் அதற்கு மேல் சொன்னால் நம்ப வேண்டாம்.

இதை ரூபாயில் பார்ப்போம். வண்டி லிட்டருக்கு 21 கிலோமீட்டர் கொடுக்கிறது, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு எரிபொருள் செலவு 4 ரூபாய் 76 காசு. மூன்று சதவீதம் மிச்சமானால் அது கிலோமீட்டருக்கு 14 காசு. டயர் 40,000 கிலோமீட்டர் உழைத்தால் மொத்த மிச்சம் ஏறத்தாழ 5,700 ரூபாய். நான்கு டயருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 1,400 ரூபாய். ஒரு டயர் மற்றொன்றைவிட அதற்குள் விலை கூடுதலாக இருந்தால், மைலேஜுக்காக அதை வாங்குவதில் பொருள் உண்டு.

ஆனால் இந்தக் கணக்கில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைப் பெரும்பாலோர் போட்டுப் பார்ப்பதில்லை. 9,000 ரூபாய் டயர் நான்கு வாங்கினால் 36,000 ரூபாய். அவை 40,000 கிலோமீட்டர் ஓடினால் டயர் செலவு கிலோமீட்டருக்கு 90 காசு. 30,000 கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிட்டால் 1 ரூபாய் 20 காசு. வேறுபாடு 30 காசு. மைலேஜில் கிடைக்கும் 14 காசைவிட இது இரண்டு மடங்கு. ஆகவே, மைலேஜ் டயர் என்று வாங்கியது விரைவில் தேய்ந்துவிட்டால், பெட்ரோல் பங்க்கில் மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்கை டயர் கடையில் கொடுத்தவர்கள் ஆவோம்.

"மைலேஜ் டயரா, கிரிப் டயரா சார்?" என்று கடையில் கேட்டால் என்ன சொல்வது?

ஈரத் தரையில் நல்ல பிடிமானம் உள்ள டயர்களை மட்டும் எடுத்துக் காட்டச் சொல்லி, அவற்றுக்குள் உருள்தடை குறைந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருப்பதற்குக் காரணம் உண்டு.

ஒரு நவம்பர் மாலை பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டி வேலூரை நோக்கி வந்துகொண்டிருந்தேன். மழை நின்று கால் மணி நேரம் ஆகியிருக்கும். பழைய டயர்களில் பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் கட்டைகளின் உயரம், இரண்டரை மில்லிமீட்டர் இருந்தது. இன்னும் ஒரு மழைக்காலம் தாங்கும் என்று நானே முடிவு செய்திருந்தேன். முன்னால் போன லாரி திடீரென வேகத்தைக் குறைத்தது. பிரேக்கை மிதித்தேன். பெடல் காலடியில் கடகடவென்று உதறியது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்கிறது என்று தெரிந்தது, ஆனால் ஸ்டியரிங் எடையற்றுப் போனது போல இலேசாகிவிட்டது. சாலையோரம் தேங்கியிருந்த நீரின் மேல் முன் சக்கரங்கள் மிதந்திருக்கின்றன. ஓரிரு நொடிகளில் டயர் மறுபடியும் தரையைப் பிடித்தது. லாரியின் பின்பலகைக்கும் என் பானெட்டுக்கும் இடையே ஓர் ஆள் படுக்கும் இடம்தான் மிஞ்சியது. பின் இருக்கையில் என் அம்மா இருந்தார். அன்றிரவே டயர் மாற்றுவது என்று முடிவாயிற்று.

ஐரோப்பாவில் விற்கும் டயர்களுக்கு ஈரப் பிடிமானத்தைத் தரம் பிரித்து முத்திரை ஒட்டுகிறார்கள். அந்த முறை 2012-இல் தொடங்கியபோது தரப்பட்ட விளக்கத்தின்படி, 80 கிலோமீட்டர் வேகத்தில் ஈரச் சாலையில் முழு பிரேக் பிடித்தால், முதல் தர டயர்கள் கடைசித் தர டயர்களைவிட 18 மீட்டர் வரை முன்னதாகவே வண்டியை நிறுத்திவிடும். 18 மீட்டர் என்பது நான்கு கார்களை வரிசையாக நிறுத்தும் நீளம். கிலோமீட்டருக்கு 14 காசு என்னும் மிச்சத்தை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

டயரில் உள்ள எண்களையும் எழுத்துகளையும் எப்படிப் படிப்பது?

என் வண்டியின் டயரில் 215/60 ஆர் 17 96 எச் என்று இருக்கிறது. டயரின் அகலம் 215 மில்லிமீட்டர்; பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 60 சதவீதம்; ஆர் என்பது ரேடியல்; ரிம்மின் விட்டம் 17 அங்குலம். இதுவரை எல்லோரும் கவனித்து வாங்குகிறார்கள். பின்னால் வரும் 96 எச் என்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள். 96 என்பது சுமைக் குறியீடு. அந்த டயர் 710 கிலோ வரை தாங்கும் என்று பொருள். 91 என்றால் 615 கிலோ. எச் என்பது 210 கிலோமீட்டர் வரையிலான வேகத்துக்கு உரியது. டி (T) என்றால் 190, வி என்றால் 240.

சுமைக் குறியீடு கம்பெனி கொடுத்ததைவிடக் குறையவே கூடாது. ஹைபிரிட் வண்டி எடை மிகுந்தது. ஆறு பேரையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலைக்கோ திருப்பதிக்கோ போகும் நாளில், மே மாத வெயிலில், அந்த எண்ணின் அருமை தெரியும். வேகக் குறியீட்டையும் குறைக்காமல் இருப்பதே நல்லது. நாம் அந்த வேகத்தில் போகப் போவதில்லை என்றாலும், அது வெப்பத்தைத் தாங்கும் திறனோடு தொடர்புடையது.

அடுத்தது, உற்பத்தித் தேதி. பக்கச்சுவரில் சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பல டயர்களில் இது ஒரு பக்கத்தில் மட்டும்தான் பொறிக்கப்பட்டிருக்கும். மாட்டும்போது அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் பிறகு வண்டிக்கு அடியில் குனிந்துதான் பார்க்க முடியும். ஆகவே ரிம்மில் ஏற்றும் முன்பே பார்க்க வேண்டும். எனக்குக் கொண்டுவந்து வைத்த நான்கில் மூன்று ஒரே மாதத்தில் தயாரானவை, நான்காவது மட்டும் ஒன்றரை ஆண்டு பழையது. துணியால் துடைத்துவிட்டு எண்ணைக் காட்டிக் கேட்டதும், கடைக்காரர் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார். ஆறு மாதத்துக்கு உட்பட்டதாகக் கிடைத்தால் மகிழ்ச்சி. ஓராண்டைத் தாண்டியதை முழு விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15633 என்ற எண்ணும் இருக்கின்றனவா என்று அப்போதே பார்த்துக்கொள்ளலாம். கார் டயர்களுக்கான இந்தியத் தர எண் அதுவே.

ஃபிரிட்ஜுக்கு இருப்பதுபோல டயருக்கும் நட்சத்திர முத்திரை உண்டா?

உண்டு. ஏ.சி.க்கும் ஃபிரிட்ஜுக்கும் நட்சத்திரம் வழங்கும் அதே மத்திய அரசு அமைப்பு, உருள்தடையை அடிப்படையாகக் கொண்டு டயர்களுக்கும் ஐந்து நட்சத்திரம் வரை தருகிறது. ஆனால் எல்லா டயரிலும் அந்த முத்திரையை எதிர்பார்க்க முடியாது. இருந்தால் அதை நம்பி ஒப்பிடலாம்.

இல்லாத இடத்தில் ஐரோப்பிய முத்திரை ஓரளவு உதவும். அதில் எரிபொருள் சிக்கனமும் ஈரப் பிடிமானமும் தனித்தனியே ஏ முதல் ஈ வரை தரம் பிரிக்கப்பட்டிருக்கும். இரைச்சல் டெசிபலில் இருக்கும். நீங்கள் வாங்க எண்ணும் டயரின் அதே பெயருக்கும் அதே அளவுக்கும் உரிய முத்திரையைத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரே பெயருள்ள டயர் 16 அங்குலத்தில் ஒரு தரமும் 17 அங்குலத்தில் வேறு தரமும் பெறுவது உண்டு. நம் நாட்டில் தயாராகும் டயரின் கலவை அங்கே விற்பதிலிருந்து மாறியிருக்கவும் இடமுண்டு என்பதால், இதை ஒரு வழிகாட்டியாக மட்டும் கொள்ளலாம்.

கம்பெனியில் வந்த அதே டயரையே மறுபடியும் போடலாமா?

அதில் திருப்தி இருந்தால் தாராளமாகப் போடலாம். ஆராய்ச்சி செய்ய நேரமில்லாதவர்களுக்கு அதுவே பாதுகாப்பான முடிவு. ஒரு விஷயம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். கார் நிறுவனங்கள் தங்கள் வண்டியின் மைலேஜ் சான்றுக்காக, டயர் நிறுவனங்களிடம் உருள்தடை குறைந்த தனிக் கலவையைக் கேட்டு வாங்குவது உண்டு. கடையில் அதே பெயரில் தொங்குவது அதே கலவையாக இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஆகவே, "அதே டயரைத்தான் போட்டேன், மைலேஜ் இறங்கிவிட்டது" என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை.

அகலமான டயர் போட்டால் கம்பீரமாக இருக்குமே?

இருக்கும். மைலேஜ் குறையும், ஸ்டியரிங் கனக்கும், தேங்கிய நீரில் எளிதில் மிதக்கும், விட்டம் மாறினால் ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டும். ஹைபிரிட் வண்டிக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

புது டயர் போட்டதும் மைலேஜ் குறைந்துவிட்டதே, ஏமாந்துவிட்டேனா?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். நானும் இதே கேள்வியோடு கடைக்குத் திரும்பிப் போனவன். பழைய டயரில் திரையில் 22.5 காட்டிக்கொண்டிருந்த வண்டி, புது டயரில் முதல் இரண்டு வாரம் 20.9-ஐத் தாண்டவில்லை.

காரணங்கள் மூன்று. முதலாவது, தேய்ந்த டயரில் மடங்கி நிமிர்வதற்கான ரப்பரே குறைவு; அதனால் அதன் உருள்தடை புதிதாக இருந்தபோது இருந்ததைவிட இருபது சதவீதம் வரை குறைந்திருக்கும். நாம் புது டயரை ஒப்பிடுவது பழைய டயரின் மிகச் சிறந்த நாட்களோடு. சரியாக ஒப்பிட வேண்டுமானால், வண்டி வாங்கிய புதிதில் கொடுத்த மைலேஜோடு ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, தேய்ந்த டயரின் விட்டம் சிறியது. என் டயர் புதிதில் ஏறத்தாழ 690 மில்லிமீட்டர் விட்டம். ஐந்தரை மில்லிமீட்டர் தேய்ந்தால் விட்டத்தில் 11 மில்லிமீட்டர் குறைகிறது. அதே தூரத்துக்குச் சக்கரம் கூடுதலாகச் சுற்றுகிறது. வண்டியோ சுற்றுகளை எண்ணித்தான் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஆக, ஓடாத தூரத்தையும் ஓடியதாகச் சேர்த்து, மைலேஜை ஒன்றரை சதவீதம் உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தது. புது டயர் போட்டதும் அந்தப் பொய் நின்றுபோனது.

மூன்றாவது காரணம் காற்று. எனக்கு நேர்ந்ததும் அதுதான். கடையில் வேலை செய்த பையன் வரிசையாக எல்லா வண்டிக்கும் வைப்பதுபோல காற்றழுத்தத்தை 28 பி.எஸ்.ஐ. வைத்து அனுப்பியிருக்கிறான். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் என் வண்டிக்கு 33 என்று இருக்கிறது. இரண்டு வாரம் கழித்துத்தான் பார்த்தேன். சரிசெய்ததும் மைலேஜ் 21.3 ஆனது, மூவாயிரம் கிலோமீட்டர் கடந்தபின் 21.7-இல் நிலைத்துவிட்டது. ஆகவே கடைக்குச் சண்டைக்குப் போகும் முன் கதவுத் தூணைப் பாருங்கள். ஐந்து முறையாவது டேங்க் நிரப்பிக் கணக்குப் பாருங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் வரை புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும் என்பதால், அதுவரை திடீர் பிரேக்கையும் வேகமான வளைவையும் தவிர்ப்பது நல்லது.

வேலூர் வெயிலுக்குக் காற்றைக் குறைத்து வைக்க வேண்டுமா?

கூடாது. நம் ஊரில் பரவலாக இருக்கும் தவறான பழக்கம் இது. கத்திரி வெயிலில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், டயர் வெடித்துவிடும் என்ற அச்சத்தில் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. குறைத்து வைக்கிறார்கள். காற்று குறைந்தால் டயர் கூடுதலாக மடங்குகிறது. கூடுதலாக மடங்கினால் கூடுதலாகச் சூடாகிறது. டயர் வெடிப்பதற்கு முக்கியமான காரணமே இந்தச் சூடுதான். வெடிக்கக் கூடாது என்று செய்வதே வெடிப்புக்கு வழி வகுக்கிறது.

வெப்பம் ஐந்தாறு டிகிரி கூடினால் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. உயரும். மே மாதப் பிற்பகலில் வாலாஜாவிலிருந்து ஓட்டி வந்து பங்க்கில் நிறுத்தினால், காலையில் 33 இருந்த டயர் 37, 38 காட்டுவது இயல்பு. வண்டியை வடிவமைத்தவர்கள் இதை எதிர்பார்த்துத்தான் குளிர்ந்த நிலைக்கான அளவை எழுதியிருக்கிறார்கள். சூடான டயரிலிருந்து காற்றை இறக்கி 33 ஆக்கினால், மறுநாள் காலை அது 29-க்கு வந்துவிடும். என் பழக்கம் இதுதான்: மாதம் ஒரு முறை, காலை ஆறு மணிக்கு, வண்டியை எடுக்கும் முன், சொந்தக் கருவியால் அளப்பேன். அந்தக் கருவி சில நூறு ரூபாய்தான். டயர் தானாகவே மாதம் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. இழக்கும் என்பதால், மூன்று மாதம் பார்க்காமல் விட்டால் நல்ல டயருக்குக் கொடுத்த கூடுதல் பணத்தில் கணிசமான பகுதி வீண்.

நைட்ரஜன் போடலாமா என்றும் கேட்கிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகக் கிடைத்தால் போட்டுக்கொள்ளலாம். நைட்ரஜன் போட்டிருக்கிறோம் என்ற நம்பிக்கையில் அளக்காமல் விடுவதுதான் தவறு.

இரண்டு டயர் மட்டும் மாற்றினால் போதாதா?

பின் டயர்களில் பாதிக்கு மேல் பட்டன் இருந்தால் போதும். ஆனால் புதிய இரண்டும் பின்னால் போக வேண்டும். இருப்பவற்றுள் நல்லவை முன்னால் வர வேண்டும். முன் சக்கரம் இழுக்கும் வண்டி என்பதால் புதியதை முன்னால் போடுவதே சரி என்று பல கடைகளில் சொல்வார்கள். ஆனால் ஈரத்தில் முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், வேகத்தைக் குறைத்து மீட்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுழலும், அதை மீட்பது தேர்ந்த ஓட்டுநருக்கே கடினம்.

இந்தக் கேள்வியே எழாமல் இருக்க, எட்டாயிரம் முதல் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு, சக்கரங்கள் நேராக நிற்கும்படி கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்டும் பார்த்துவிட வேண்டும். அலைன்மென்ட் சற்றுக் கோணினாலும் டயர் தரையில் இழுபட்டுக்கொண்டே வரும். தேய்மானமும் மைலேஜ் இழப்பும் சேர்ந்தே வரும்.

அரக்கோணத்தில் டயர் ஆலை இருக்கிறதே, நம் பக்கத்து டயரையே வாங்கலாமா?

அரக்கோணத்தை அடுத்த இச்சிபுத்தூரில் எம்.ஆர்.எஃப்.; ஒரகடத்தில் அப்போலோ; திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய்கண்டிகையில் மிஷலின். கார் டயருக்கு நாட்டிலேயே முக்கியமான வட்டாரங்களில் ஒன்றில் நாம் வாழ்கிறோம் என்பது உண்மை. ஆனால் பக்கத்தில் ஆலை இருப்பதால் அங்கே தயாரான டயர்தான் நம் ஊர்க் கடைக்கு வரும் என்று சொல்ல முடியாது. நாட்டில் தயாராகும் டயர் வாங்குவதில் நடைமுறை நன்மை ஒன்று உண்டு: 2020 ஜூன் முதல் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருப்பதால், வெளிநாட்டு டயர் ஒன்று பழுதானால் அதே ஜோடி மறுபடியும் கிடைப்பது சில நேரம் கடினமாகிறது.

மின்சாரக் கார் டயரை ஹைபிரிட்டுக்குப் போடலாமா?

அளவும் சுமைக் குறியீடும் பொருந்தினால் போடலாம். எடையைத் தாங்கவும், உருள்தடையையும் இரைச்சலையும் குறைக்கவும் வடிவமைக்கப்பட்டவை என்பதால் ஹைபிரிட்டுக்கும் ஒத்துவரும். அந்தப் பெயருக்காக மட்டும் கூடுதல் விலை கேட்டால் மேலே போட்ட 14 காசுக் கணக்கை நினைவில் கொள்ளவும்.

பழைய டயரையோ, புதுப் பட்டன் ஒட்டிய டயரையோ வாங்கலாமா?

காருக்கு வேண்டாம். லாரிக்குப் பட்டன் ஒட்டுவது வேறு தொழில், வேறு டயர்.

எப்போது மாற்ற வேண்டும் என்பதை நாமே கண்டுபிடிப்பது எப்படி?

டயரின் நீளவாட்டுப் பள்ளத்துக்குள் விரலை வைத்து மெல்ல நகர்த்தினால், குறுக்கே சிறு மேடு ஒன்று தட்டுப்படும். அது 1.6 மில்லிமீட்டர் உயரமானது. பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் சட்டப்படியே டயர் முடிந்தது. ஆனால் பள்ளிகொண்டா அனுபவத்துக்குப் பிறகு, மூன்று மில்லிமீட்டரில் மாற்றிவிடுவது என்று நான் எல்லை வைத்துக்கொண்டேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், புரட்டாசியில் ஒருமுறை அளந்து பார்த்து முடிவு செய்வது நல்லது.

பட்டன் இருந்தாலும் வயது இருக்கிறது. வெயிலில் நிற்கும் வண்டியின் டயர் பக்கச்சுவரில் ஆற்றுப்படுகை வெடித்ததுபோல மெல்லிய கோடுகள் விழும். ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் கடையில் காட்ட வேண்டும். பக்கச்சுவரில் புடைப்பு தெரிந்தால், டயர் எவ்வளவு புதியதாக இருந்தாலும், அதில் ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கக் கூடாது.

விலை பேசும்போது எதைக் கவனிப்பது?

2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் அதைக் கேட்கலாம். விலையில் மாட்டுக்கூலி, பேலன்சிங், அலைன்மென்ட், புது வால்வு ஆகியவை அடக்கமா என்பதை முன்பே பேசிவிட வேண்டும். வால்வு மிகச் சிறிய பொருள். பழையதையே விட்டுவிட்டால் அதன் ரப்பர் இற்று, புது டயரிலிருந்து காற்று கசியும். பில்லில் டயரின் வரிசை எண்களை எழுதி வாங்கினால்தான் உத்தரவாதம் கேட்க முடியும்.

ஸ்டெப்னியையும் மாற்ற வேண்டுமா?

டிக்கியைத் திறந்து முதலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். ட்யூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருக்கும் வண்டிக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் விதி திருத்தப்பட்டது. அந்தப் பெட்டி உள்ள வண்டியென்றால் அதிலுள்ள பசையின் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். ஸ்டெப்னி இருந்தால் அதன் நான்கு இலக்கத் தேதியையும் காற்றையும் பார்க்க வேண்டும். என் வண்டியில் நான்கு ஆண்டு தொடாத ஸ்டெப்னியில் 14 பி.எஸ்.ஐ. இருந்தது.